மனுவும் தலைப்பாகையும்: தென் திருவிதாங்கூர் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து

ஒடுக்கப்பட்டவர்களுக்கு மதம் என்ன தருகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாகப் புழங்கிவருகின்றன. துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குகிறது என்பது ஒன்று. எதிர்த்து நிற்கத் தெம்பு தருகிறது என்பது மற்றொன்று. 19-ஆம் நூற்றாண்டுத் தென் திருவிதாங்கூரைப் படிக்கப் புகுந்தால் இரண்டுமே போதவில்லை. ஒரே மண், ஒரே கொடுமை. ஆனால் அதற்கு ஆளானவர்கள் இரு வேறு நம்பிக்கைகளின் வழியே இரு வேறு விதமாக நிமிர்ந்தார்கள்.

கொடுமையின் அளவைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. அரசு ஆவணங்கள் சாணார் என்று குறித்த நாடார் மக்கள் கூலியில்லா ஊழியம் செய்ய வேண்டும், வரிமேல் வரி கட்ட வேண்டும். குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. பெண்கள் மார்பை மூடும் தோள்சீலை அணியக் கூடாது. சாம்பவர், புலையர் நிலை இன்னும் கொடியது: 1855-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை அவர்கள் விற்கப்பட்டார்கள்.

மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனைச் சேர்ந்த கிறித்தவப் போதகர் ரிங்கல்தௌபே 1806-இல் இங்கு வந்தார். வெள்ளைக்காரர் தேடி வந்து மதம் மாற்றினார் என்ற வழக்கமான கதைக்கு இதுவே மறுப்பு. தேடிப் போனவர் வேதமாணிக்கம். அதன்பின் பள்ளிகள் வந்தன, அச்சகம் வந்தது, நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் தொழில் வந்தது. அந்த லேஸில் கிடைத்த வருவாயால் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களும் உண்டு.

ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் எழுதிய நாடார் வரலாறு, தோள்சீலைக் கலகத்தை ஒரு சமூகத்தின் அரசியல் எழுச்சியின் முதற்படியாகக் காண்கிறது. 1829 அரசாணை குப்பாயம் என்ற மேற்சட்டையை அனுமதித்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1858-59இல் ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பின் 1859 ஜூலை 26-இல் தடை தளர்ந்தது. ஹார்ட்கிரேவ் இந்த வரிசையைத் தெளிவாகக் கோத்துத் தருகிறார். ஆனால் அவர் நூலில் கிறித்தவ நம்பிக்கை பின்னணியாகிவிடுகிறது. டிக் கூய்மன் 1989-இல் மிஷனின் பொருளியல் பக்கத்தைத் தோண்டினார்: பஞ்சமும் காலராவும் வந்தபோது மக்கள் அலையலையாக எப்படிச் சேர்ந்தார்கள் என்பதை அவரிடம் கற்கலாம். எலைசா கென்ட் 2004-இல் வெளியிட்ட நூல், மறைத்த மார்பு என்பது மானம் பற்றிய புதிய அளவுகோல்களோடும் பிணைந்திருந்ததைக் காட்டுகிறது.

இந்த ஆய்வுகளைத் தவறாகப் படிப்பவர்கள் ‘சோற்றுக்கு மதம் மாறினார்கள்’ என்ற பழைய வசைக்கே திரும்புகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. சோறு மட்டுமே காரணமானால், கூரை எரிந்த இரவில் திரும்பிப் போவதுதான் இலாபம். பலர் போகவில்லை, மறுநாள் மனு எழுதினார்கள். திவானுக்கு, ரெசிடெண்டுக்கு, ஆளுநருக்கு. கடவுள் முன் தம் பெயருக்கு மதிப்பு உண்டு என்று நம்பியவர்கள், அதிகாரி முன்னும் அது செல்லும் என்று துணிந்தார்கள். எழுத்தறிவு பள்ளியில் கிடைத்தது. கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்ற எண்ணத்தைப் பள்ளி மட்டும் தந்திருக்க முடியாது.

மற்றொரு நம்பிக்கையின் வழியைத் திறந்த அய்யா வைகுண்டரோ யாருக்கும் மனுப் போடவில்லை. 1809-இல் பிறந்த முத்துக்குட்டி, 1833-இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக மீண்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. மன்னர் சுவாதித் திருநாள் அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார். ஹரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, திருவிதாங்கூர் அரசைக் கலிநீசன் என்றும் வெள்ளையரை வெண்ணீசன் என்றும் வைது, தாலிக்கும் சருகுக்கும் விதித்த வரிகளையெல்லாம் கலியின் கேடாக வரிசைப்படுத்துகிறது. வரியைப் புராணத்துக்குள் கொண்டுவந்த துணிவு இது. அரசன் தவறு செய்கிறான் என்பது மனுவின் மொழி. அரசனே முடியப்போகும் யுகத்தின் ஆள் என்பது அகிலத்தின் மொழி. முன்னதில் நிவாரணம் கேட்கலாம், பின்னதில் கேட்கத் தேவையே இல்லை.

அதனால் செயலும் வேறாயிற்று. ஆண்கள் தலைப்பாகை கட்டி வழிபட்டார்கள். சாதி பாராமல் முத்திரிக் கிணற்றில் நீராடினார்கள். துவையல் பந்தியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் சேர்ந்து துவைத்து, சேர்ந்து உண்டு தவமிருந்தன. பதிகள் எனும் வழிபாட்டிடங்களில், கும்பிடுபவர் தம்மையே காணக் கண்ணாடி வைத்தார்கள். தீண்டக் கூடாதது என்று ஊர் ஒதுக்கிய உடம்பே அங்கே வணங்கத்தக்கதாயிற்று. ஜி. பேட்ரிக்கின் 2003-ஆம் ஆண்டு நூல், அடித்தள மக்கள் தம் சமயத்தைத் தாமே ஆக்கிக்கொண்ட வினையாக இதைப் படிக்கிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் நூல் அதுதான். மிஷன் அறிக்கைகள் வைகுண்டரை ஓர் இடையூறாகவே குறித்துவைத்தன. அந்த எரிச்சலே அவர் செல்வாக்குக்கு நற்சான்று.

நம்பிக்கை எப்போதும் நன்மையே செய்தது என்று எழுதிவிட முடியாது. இதே மண்ணில் 1982-இல் மண்டைக்காட்டில் மதத்தின் பேரால் இரத்தம் சிந்தியது. பொன்னீலன் ‘மறுபக்கம்’ நாவலில் அந்தக் கலவரத்தையும் முந்தைய நூற்றாண்டின் போராட்டங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தார். ஆய்வாளர்கள் தயங்கிய இணைப்பு அது.

இன்னும் எழுதப்படாதது பெண்களின் பக்கம். தோள்சீலைக்காக அடிபட்டவர்கள் அவர்கள். ஆனால் மிஷன் கடிதங்களில் போதகர்கள் பேசுகிறார்கள். அகிலத்தில் ஒரு சீடர் எழுதுகிறார். பதிகளின் பணிவிடைகளிலும் சபைகளின் வாய்மொழிக் கதைகளிலும் பாட்டிமார் கைமாற்றித் தந்தவை இன்னும் மிச்சமிருக்கலாம். அவற்றை உட்கார்ந்து கேட்டுப் பதிவுசெய்ய மலையாளமும் நாஞ்சில் தமிழும் அறிந்த ஓர் இளம் ஆய்வாளர் வேண்டும்.