செவிவழிக் கதையும் மெய்ம்மையின் கடனும்

கதை கேட்கும் விருப்பம் மனிதனோடு உடன்பிறந்தது. எழுத்துத் தோன்றுமுன்னரே கதை தோன்றிற்று. அச்சுப்பொறியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்த பின்னரும் செவிவழிக் கதை மறைந்துவிடவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே பொதுநல வானொலியிற் பிறந்து, இன்று இணையத்தின் வாயிலாக உலகெங்கும் பரவியுள்ள வலையொலி நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும். பொட்காஸ்ட் என வழங்கும் இவ்வகை நிகழ்ச்சிகளுட் பல வெறும் பொழுதுபோக்கின் பாற்பட்டன. எனினும், திறனாய்வாளன் கருத்தூன்றி நோக்கவேண்டிய ஒரு மரபும் அவற்றுள் உண்டு. 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்னும் வானொலி நிகழ்ச்சியும், அதனின்றும் கிளைத்த 'சீரியல்' முதலிய தொடர்களுமே அம்மரபாகும். மெய்யாக நிகழ்ந்தவற்றையே கதையாக்கிச் சொல்லுதல் இவற்றின் இயல்பு. மெய்யான மாந்தரின் வாழ்வைக் கதையாக்குங்கால், கதைக்குரிய சுவையும் மெய்ம்மைக்குரிய கடனும் ஒன்றோடொன்று முரணுமாயின், எதற்கு முதன்மை வழங்குதல் தகும்? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு அந்நிகழ்ச்சிகளை மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுநல வானொலி என்பது விளம்பர வருவாயையே நம்பி நில்லாது, நேயர்தம் நன்கொடையையும் அறநிதியங்களின் உதவியையும் பெருமளவிற் சார்ந்து நடைபெறும் ஒலிபரப்பாகும். அத்தகைய நிலையங்களுள் ஒன்றாகிய சிக்காக்கோ நகரத்து டபிள்யூ.பி.ஈ.இசற். நிலையத்திலே, 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐரா கிளாஸ் என்பார் வாராந்த நிகழ்ச்சியொன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே அது 'திஸ் அமெரிக்கன் லைஃப்' எனப் பெயர்மாற்றம் பெற்று, நாடெங்குமுள்ள நிலையங்களுக்கு வழங்கப்படலாயிற்று. 2006இல் வலையொலியாகவும் வெளிவரத் தொடங்கி, 2015இல் தாய் நிலையத்தினின்றும் பிரிந்து தனி நிறுவனமாயிற்று. இதற்கிடையில், 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அதன் தயாரிப்பாளர்களாகிய சேரா கோனிக், ஜூலி சினைடர் ஆகிய இருவரும் 'சீரியல்' என்னும் தொடரை வெளியிட்டனர். அதன் வெற்றியின் பயனாகச் 'சீரியல் புரொடக்சன்ஸ்' என்னும் நிறுவனம் உருவாயிற்று. 2020இல் அதனை 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. அதே ஆண்டில், ஒலிவழிச் செய்தியாக்கத்திற்கென முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட புலிற்சர் பரிசு, புகலிடங்கோரி வந்து மெக்சிக்கோவிலே காத்திருக்க வைக்கப்பட்டோரைப் பற்றிய 'திஸ் அமெரிக்கன் லைஃப்' நிகழ்ச்சிக்கும் அதில் உழைத்த பத்திரிகையாளர்க்கும் கிடைத்தது. ஒரு நகரத்து நிலையத்தின் சிறுமுயற்சி கால் நூற்றாண்டில் எய்திய உயர்வு இதுவாகும்.

இனி, இந்நிகழ்ச்சியின் அமைப்பை நோக்குவாம். வாரந்தோறும் ஒரு பொருளைத் தெரிந்து, அதனோடு இயைந்த கதைகளை நாடகம் போன்று அங்கம் அங்கமாகப் பிரித்து வழங்குவர். கிளாஸ் அவர்கள் தமது முறையை விளக்குங்கால் இரண்டு உறுப்புக்களைக் குறிப்பிடுவதுண்டு. ஒன்று, நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் சென்று, கேட்போர் உள்ளத்தில் ஆவலை வளர்த்தல். மற்றையது, அந்நிகழ்ச்சிகளின் பொருள் யாதெனச் சற்றே நின்று சிந்தித்தல். எமது கோயில்களிலே புராணபடனம் கேட்டுப் பழகியோர்க்கு இம்முறை முற்றும் புதிதன்று. அங்கு ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவர். இங்கே செய்யுளின் இடத்தில் நிற்பது ஒலிப்பதிவாகிய மனிதக் குரல். பயன் சொல்லுவோரின் இடத்தில் நிற்பவர் எடுத்துரைப்பாளர். ஆயினும், இரண்டற்குமிடையே வேறுபாடொன்று உளது. புராணம் அவையோர் அறிந்த நூல். பயன் பிழைபடின் திருத்துவதற்குக் கற்றோர் அவையிலேயே இருப்பர். வலையொலியிலோ, மணிக்கணக்காகப் பதிவாகிய பேச்சினுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதையும் எடுத்துரைப்பாளரே தீர்மானிக்கின்றார். தள்ளப்பட்டது யாதென்பதைக் கேட்போர் அறியார். ஆகவே, அவர்மீது சாரும் பொறுப்பும் பெரிதாகும்.

அப்பொறுப்புக் கைந்நெகிழ்ந்த இடமொன்றை முதலிற் காண்போம். மைக் டெய்சி என்னும் மேடைக் கலைஞர், அப்பிள் நிறுவனத்திற்குப் பொருள் செய்துகொடுக்கும் சீனத் தொழிற்சாலைகளைத் தாம் நேரிற்கண்டதாகக் கூறி, தனிநபர் நாடகமொன்றை நடத்தி வந்தார். அதன் ஒரு பகுதி 2012ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' நிகழ்ச்சியிலே ஒலிபரப்பப்பட்டுப் பெரும் பரபரப்பை விளைத்தது. பின்னர், சீனாவிலிருந்த மற்றொரு வானொலிச் செய்தியாளர், டெய்சியின் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் கண்டு வினவியபோது, அவர் கூறியவற்றுட் பல நிகழாதவை என்பது வெளிப்பட்டது. நச்சு வேதிப்பொருளினால் தொழிலாளர் நோயுற்றது உண்மையே. ஆனால் அது வேறொரு நகரத்துத் தொழிற்சாலையில் நிகழ்ந்தது. டெய்சியோ, தாம் சென்ற நகரிலே அவர்களைக் கண்டு உரையாடியதுபோலக் கூறிவிட்டார். மார்ச் மாதத்தில் அந்நிகழ்ச்சியினர் ஒரு மணிநேரம் முழுவதையும் செலவிட்டு, தாம் ஒலிபரப்பியதை மீளப்பெற்றனர்.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைப் பிரித்துரைத்தனர். புலவன் இரண்டையுங் கலந்து பாடலாம். கேட்போன் அதனைப் பாடலென்றே அறிவான். டெய்சியின் கூற்று நாடக மேடையோடு நின்றிருப்பின், அதனைப் புனைவு கலந்த கூத்தென்று சிலரேனும் கொண்டிருப்பர். செய்தி நிகழ்ச்சியினுள் அது புகுந்தபோது வழக்கு மாறிவிட்டது. தொழிலாளர்தம் துன்பத்தை உலகம் அறியவேண்டும் என்ற நோக்கம் நன்றாயினும், பொய் வெளிப்பட்டபின் மெய்யான துன்பமும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தாம் தவறிய இடத்தை மறையாது அந்நிகழ்ச்சியினர் வெளியிட்டமையும், பின்னர் மெய்ச்சோதனைக்கென வல்லுநரை அமர்த்தியமையும் போற்றத்தக்கன.

பொய் கலத்தல் வெளிப்படையான குற்றம். பொய்யேதும் கலவாமலே நேரக்கூடிய குற்றம் பிறிதொன்றுண்டு. அதனைச் 'சீரியல்' தொடரின் முதற் பருவத்திலே காணலாம். 1999ஆம் ஆண்டில் போல்ற்றிமோர் நகர்ப்புறத்திலே உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி கொலையுண்டாள். அவளுடன் பயின்ற பதினேழு வயது மாணவன் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றான். கோனிக் அவ்வழக்கை மீளத் துருவி, பன்னிரண்டு பகுதிகளாக வாரந்தோறும் வெளியிட்டார். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கதையும் வெளிவந்தது. எடுத்துரைப்பாளர் தம் ஐயங்களையும் தடுமாற்றங்களையும் ஒளியாது கூறியமை இத்தொடரின் தனிச்சிறப்பு. பிபொடி விருதைப் பெற்ற முதல் வலையொலியும் இதுவேயாம்.

ஆயினும், ஒவ்வொரு பகுதியும் ஆவலைத் தூண்டி முடிவதனாற் கேட்போர் அடுத்த வாரத்தைத் துப்பறியும் நாவலின் அடுத்த அத்தியாயம்போல எதிர்நோக்கினர். பலர் தாமே துப்பறிவோராகிச் சாட்சிகளின் சொந்த வாழ்க்கையைத் துருவத் தலைப்பட்டனர். கொலையுண்ட மாணவியின் குடும்பத்தார் இத்தொடரிற் பங்குகொள்ளவில்லை. சிறையிலிருந்தவன் குரல் தொலைபேசி வழியே வாரந்தோறும் ஒலித்தது. இறந்தவள் நாட்குறிப்பின் சில வரிகளாகவே எஞ்சினாள். பின்னர் நிகழ்ந்தவை இக்குறையின் ஆழத்தைக் காட்டுகின்றன. 2022இல் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் விடுதலை பெற்றார். 2023இல், இறந்தவளின் சகோதரர் வழக்கின்போது நேரில் வருவதற்குப் போதிய அறிவித்தல் பெறவில்லை என்னும் காரணத்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னைய தீர்ப்பை மீள நிறுவிற்று. 2024இல் மேரிலாந்தின் உயர் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2025இல், குற்றத்தீர்ப்பு நிலைபெற்றிருக்கவே, அவர் அனுபவித்த காலமே போதுமெனத் தண்டனை குறைக்கப்பட்டது. கதையிற் கேளாதிருந்த குடும்பத்தின் குரலையே சட்டம் இறுதியிற் கேட்டுக்கொண்டது எனலாம். உண்மையான வழக்குகளைத் தொடர்கதையின் இலக்கணத்துக்குள் அடக்குதல் எளிதன்று என்பது இதனாற் புலனாகும்.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஏழு பகுதிகளும் ஒருங்கே வெளியான 'எஸ்-ரவுண்' என்னும் தொடர் இன்னும் நுட்பமான வினாவை எழுப்புகின்றது. அலபாமா மாநிலத்துச் சிற்றூரொன்றிலே பழைய மணிக்கூடுகளைச் செப்பனிட்டு வாழ்ந்த ஒருவர், தம்மூரில் நிகழ்ந்ததாகத் தாம் ஐயுற்ற கொலையொன்றை ஆராயுமாறு வேண்டி எழுதினார். பிரையன் ரீட் என்னும் தயாரிப்பாளர் சென்று பார்த்தபோது அக்கொலை நிகழவேயில்லை என்பது தெரியவந்தது. பின்னர், எழுதியவரே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதன்மேல் தொடர் அவருடைய வாழ்க்கை வரலாறாக மாறுகின்றது. மொழியழகாலும், பாத்திரத்தை ஆழமாகக் காட்டும் திறத்தாலும் இது நாவலோடு ஒப்பவைத்துப் பாராட்டப்பட்டது. அப்பாராட்டுத் தகும். எனினும், அவருடைய காதல் உறவுகளும் மனத்துயரும், ஒலிப்பதிவுக்குரியதன்று எனக் கூறி அவர் சொன்ன செய்தியுங்கூட, அவர் இறந்தபின் உலகறிய எடுத்துரைக்கப்பட்டன. 2018இல் அவருடைய சொத்துப் பொறுப்பாளர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டு, 2020இல் இணக்கமாக முடிந்தது.

அகத்திணையிலே தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தமிழிலக்கண மரபு. காதல் எல்லார்க்கும் பொது. அதனை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லின் அது புறத்தின் பாற்படும். செய்யுளுக்கு வகுத்த விதியை வானொலிக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. ஆனால் அவ்விதியின் உள்ளீடாக நிற்கும் நாகரிகம் எக்காலத்துக்கும் உரியது. 'எஸ்-ரவுண்' சிறந்த கலைப்படைப்பு. அக்கலை, மறுமொழி கூற இயலாத ஒருவரின் அகத்தை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

இம்மரபினரின் உண்மையான வெற்றி வேறிடத்தில் உள்ளது. 2018இல் வெளிவந்த 'சீரியல்' மூன்றாம் பருவம் கொலைமர்மம் எதனையும் தேடிச் செல்லவில்லை. ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகர நீதிமன்றத்திலே கோனிக்கும் அவர் துணைவராகிய இமானுவேல் சோற்சியும் ஓராண்டளவு தங்கி, நாள்தோறும் நிகழும் சாதாரண வழக்குகளையே பதிவுசெய்தனர். மதுச்சாலைச் சச்சரவொன்றிற் சிக்கிய பெண். திருமணஞ் செய்யாது பிள்ளை பெறலாகாதென நன்னடத்தை நிபந்தனை விதிக்கும் நீதிபதி. வழக்கு நடந்தால் வரக்கூடிய பெருந்தண்டனைக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஏழைகள் என இவர்களையே அங்கு கேட்கின்றோம். யார் கொலைசெய்தார் என்னும் ஆவல் இங்கில்லை. அதனாலேயே நீதி எவ்வாறு நடைபெறுகின்றது என்னும் பெருவினா தெளிவாக எழுகின்றது. புகழில் முதற் பருவத்துக்குப் பிற்பட்டதாயினும், பயனில் இதுவே மேம்பட்டது என்பது என் துணிபு.

ஆசிரியராவார் குறிப்பாகக் கேட்கவேண்டியது 2020இல் வெளிவந்த 'நைஸ் வைற் பேரன்ற்ஸ்' என்னும் ஐந்து பகுதித் தொடராகும். சானா ஜொஃபி-வோல்ற் அதனை எடுத்துரைக்கின்றார். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பாடசாலையே அதன் பொருள். 1963ஆம் ஆண்டளவில், அப்பாடசாலை கட்டப்படுவதற்கு முன்னர், எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒருங்கு பயிலவேண்டுமென வெள்ளையினப் பெற்றோர் பலர் கல்விச் சபைக்குக் கடிதம் எழுதினர். பாடசாலை திறந்தபின்னர் அவர்கள் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பவில்லை. எடுத்துரைப்பாளர் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, எழுதியோரையே தொலைபேசியில் அழைத்துக் காரணம் வினவுகின்றார். எவரையும் அவர் பழித்துரைப்பதில்லை. நல்லெண்ணமும் நற்செயலும் பிரியும் இடத்தை மட்டுமே காட்டுகின்றார். அரை நூற்றாண்டின் பின்னர் அதே பாடசாலைக்கு வெள்ளையினப் பெற்றோர் வந்து சேர்ந்தபோது, அவர்கள் திரட்டிய நிதியும் பிரெஞ்சு மொழித் திட்டமுமே பாடசாலையின் போக்கைத் திருப்புவதையும் காண்கின்றோம். பாடசாலைகளின் வளர்ச்சிக்குப் பெற்றோரும் பழைய மாணவரும் பெரிதும் உழைக்கும் எம்போன்றோர்க்கு, அவ்வுழைப்பின் பயன் எப்பிள்ளைக்குச் சென்றடைகின்றது என்ற வினாவை இத்தொடர் தானாகவே எழுப்பும்.

இங்ஙனம் கூறுமிடத்து, சுவையில்லாவிடில் எவர் கேட்பர் எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. கிளீவ்லாந்துத் தொடரும் புரூக்ளின் தொடரும் சுவையற்றன அல்ல. மெய்யினுள்ளே அமைந்திருந்த முரணை அவை கண்டெடுத்தன. அச்சுவைக்காக எவருடைய துயரையும் புதிராக்கவில்லை. ஆவலைத் தூண்டுதல் எளிய திறன். எந்த ஆவலைத் தூண்டுவது எனத் தேர்தலே அரிய திறன். கொன்றவன் யார் என்னும் ஆவல் விடை கிடைத்தவுடன் அடங்கிவிடும். இவ்வநீதி ஏன் நிகழ்கின்றது என்னும் ஆவல் கேட்டபின்னும் நம்மை விடாது.

எமது மாணவர் செவிப்பொறி பூட்டிக் கேட்பவற்றை வெறும் வீண்பொழுதென ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. இந்நிகழ்ச்சிகளின் எழுத்துவடிவம் இணையத்திற் கிடைக்கின்றது. ஆங்கில வகுப்பிலே ஒரு பகுதியைக் கேட்பித்து, யாருடைய குரல் இங்கு ஒலிக்கின்றது, யாருடைய குரல் ஒலிக்கவில்லை என வினவினாற் போதும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவன் நாளிதழையும் நூலையும் அதே கண்கொண்டு நோக்குவான்.