பாய்ம இயக்கவியல்: இரு மரபுகளும் ஓர் உரைகல்லும்

பாய்ம இயக்கவியலின் தொடக்கநிலைப் பாடநூலில் பெர்னௌலி, டார்சி, ரெனால்ட்ஸ், பிராண்டல் ஆகிய பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. எல்லோரும் ஒரே மரபினர் என்று மாணவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் இங்கே இரண்டு பழைய மரபுகள் கலந்திருக்கின்றன.

முதலாவது கணித மரபு. டேனியல் பெர்னௌலியின் 'ஹைட்ரோடைனமிகா' 1738இல் வெளிவந்தது. பாகுநிலை இல்லாத பாய்மத்துக்கான சமன்பாடுகளை ஆய்லர் 1750களில் வகுத்தார். அத்தகைய பாய்மத்தில் சீராகச் செல்லும் பொருளுக்கு இழுவிசையே இராது என்று தலாம்பேர் காட்டினார். தருக்கத்தில் பிழையில்லை, உலக நடப்போடுதான் பொருந்தவில்லை.

இரண்டாவது நீரியல் மரபு. இது கால்வாய் வெட்டியவர்களும் குழாய் பதித்தவர்களும் வளர்த்தது. திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த டார்சி, பலவகைக் குழாய்களில் ஓட்டத்தை அளந்து 1857இல் முடிவுகளை வெளியிட்டார். கணக்கிட்ட நீர் ஊர்வந்து சேர வேண்டும் என்பதே இவர்களின் அளவுகோல். ஆனால் சூத்திரம் ஏன் பலிக்கிறது என்பதற்கு இவர்களிடம் முழு விடை இல்லை.

நேவியரும் ஸ்டோக்ஸும் பாகுநிலையைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1883இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் சாய இழையை ஓடவிட்டு, வரிச்சீர் ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதைக் கண்முன் காட்டினார். 1904இல் ஹைடல்பெர்க் மாநாட்டில் பிராண்டல் இரு மரபுகளையும் இணைத்தார். சுவரை ஒட்டிய மெல்லிய எல்லைப்படலத்தில் பாகுநிலையின் ஆட்சி. அதற்கு வெளியே ஆய்லரின் கணக்கே பெரும்பாலும் போதும். பிராண்டல் வளர்த்த கோட்டிங்கன் பள்ளியின் மாணவர் கார்மன் அமெரிக்காவின் கால்டெக் கழகத்துக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் லீப்மனிடம் பயின்ற சதீஷ் தவான், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அந்த மரபை வேரூன்றச் செய்தார்.

இந்த வரலாறு மாணவருக்கு ஓர் உரைகல்லைத் தருகிறது. பெர்னௌலி சமன்பாட்டை எழுதுவதற்கு முன், ஓட்டம் நிலையானதா, அடர்த்தி மாறாததா, பாகுநிலை இழப்பைப் புறக்கணிக்கலாமா, ஒப்பிடும் இரு புள்ளிகளும் ஒரே ஓட்டக்கோட்டில் உள்ளனவா என்று அவர் கேட்க வேண்டும். பாகுநிலை இழப்பு பெரிதென்றால் டார்சியின் அளவீடுகளிடம் போக வேண்டும். விடை சரியாக வந்தாலும் இந்தக் கேள்விகள் இல்லாத விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் தரலாகாது. எந்தச் சமன்பாடு எதுவரை செல்லும் என்று சொல்லத் தெரிந்தவரே இப்பாடத்தைக் கற்றவர்.