டெர்வ்லா மர்ஃபியின் 64 பவுண்டு

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் சைக்கிளில் தனியாகக் கிளம்பி, ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியா டெல்லி வந்து சேர்ந்தார். 1965ல் வந்த 'ஃபுல் டில்ட்' அந்தப் பயணத்தின் புத்தகம்.

இதைப் பத்திப் பேசுறவங்க அவர் கொண்டுபோன கைத்துப்பாக்கியைத்தான் முதல்ல சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது வேற. ஆசியாவின் கரடுமுரடான சாலைகளுக்குத் தாங்காதுன்னு சைக்கிளின் கியரையே கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவைத்தார். தைரியம்னு நாம சொல்றதில் பாதி இந்த ஏற்பாடுதான்.

ஆனா ஒரு இடம் உறுத்துது. டெல்லி வரைக்கும் மொத்தச் செலவு 64 பவுண்டு சொச்சம்னு கணக்கு சொல்றார். முன்பின் தெரியாத வீடுகள் கொடுத்த ரொட்டி, டீ, படுக்க இடம் எல்லாம் அந்தத் தொகையில் வராது. ரொட்டி சுட்டுக் கொடுத்த பெண்கள் பலருக்குத் தனியாச் சந்தைக்குப் போகவே வழியில்லாத காலம் அது. சிக்கனப் பயணத்துக்கு இந்தப் புத்தகத்தை உதாரணம் காட்டுறவங்க, அந்தப் பெண்களின் பங்கையும் செலவில் சேர்த்தே படிக்கணும்.