ஒளிக்கோடும் உதிரி பாகமும்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு விளையாட்டு யந்திரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன யோக்கியதை என்று வாசகர்களில் சிலராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் என்ற பெயரில் எதையோ மனப்பாடம் செய்துவிட்டு, அதற்குமேல் போகாமல் வெளியே வந்தவன் நான். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் ரெகுலேட்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எலெக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்புவேன். ஆனால் ஒரு சிருஷ்டி எதுவரையில் அதுவாகவே இருக்கிறது, எந்த இடத்தில் வேறொன்றாகிவிடுகிறது என்ற கேள்வி என் தொழிலைச் சேர்ந்தது. அந்தக் கேள்வியை நான் புத்தகங்களில் சந்தித்துப் பழகியவன். சென்ற ஆண்டு கலிபோர்னியாவில், என் தங்கையின் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில், ஈயம் பற்றவைக்கிற வாசனைக்கு நடுவே அது எதிர்ப்பட்டது.

தங்கை இருப்பது ஸன்னிவேல் என்ற ஊர். 1979-ஆம் வருஷம் 'ஆஸ்டராய்ட்ஸ்' என்ற ஆட்டத்தை உண்டாக்கிய அட்டாரி கம்பெனி அப்போது இருந்ததும் அந்த ஊர்தான். பக்கத்து வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆட்டப் பெட்டி ஒன்றை எங்கேயோ மலிவாக வாங்கிவந்து, ஷெட்டில் காருக்குரிய இடத்தில் அதை நிறுத்தி, காரைத் தெருவில் நிறுத்தியிருந்தார். மனிதரிடம் எனக்கு உடனே மரியாதை பிறந்துவிட்டது.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லைல் ரெய்ன்ஸ், எட் லாக் என்ற இருவரின் கற்பனை அது. கறுப்புத் திரை. நடுவில் ஒரு சின்ன முக்கோணம். அதுதான் கப்பல், அதற்குள்தான் நாம் இருக்கிறோம். சுற்றிலும் விண்கற்கள் மிதந்து வருகின்றன. சுட்டால் பெரியது நடுத்தரமாக உடைகிறது, நடுத்தரம் சிறியதாக உடைகிறது. அதாவது ஆபத்தை ஒழிக்கப் போனால் ஆபத்து பெருகுகிறது. பெரிய கல்லுக்கு 20 புள்ளி, நடுத்தரத்துக்கு 50, சிறியதற்கு 100. பிடித்துத் திருப்பக் கைப்பிடி கிடையாது. ஐந்து பொத்தான்கள் மட்டும். இடம் திரும்ப ஒன்று, வலம் திரும்ப ஒன்று, முன்னே உந்த ஒன்று, சுட ஒன்று. ஐந்தாவது, வேறு வழியே இல்லாதபோது அழுத்துவது. அழுத்தினால் கப்பல் மறைந்து திரையில் எங்கேயோ ஓரிடத்தில் தோன்றும். தோன்றிய இடத்தில் வெடித்துச் சிதறினாலும் சிதறும்.

கப்பலை ஒருமுறை உந்திவிட்டால் அது போய்க்கொண்டே இருக்கும். பிறகு மூக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பழைய திசையிலேயே வழுக்கும். நிறுத்த வேண்டுமென்றால் எதிர்த் திசைக்குத் திரும்பி அதே அளவு உந்த வேண்டும். வினைப்பயனை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படைப்பை நான் பார்த்ததில்லை. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் வேகம் மெல்ல மெல்லக் குறையவும் செய்கிறது. வெற்று வெளியில் அப்படிக் குறையாது என்று என்னுடைய அரைகுறைப் பௌதிகம்கூடச் சொல்கிறது. ஆனால் மனிதன் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தக் கருணை தேவை. அங்கே உண்மையைக் கொஞ்சம் தளர்த்திவிட்ட கை தேர்ந்த கை.

பின்னணியில் சங்கீதம் கிடையாது. தாழ்ந்த சுருதியில் இரண்டே ஒலிகள், நெஞ்சு அடித்துக்கொள்வது போல மாறி மாறி. நேரம் ஆக ஆக அவை விரைகின்றன. 1978-இல் வந்த ஜப்பானிய ஆட்டமான 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'ஸிலும் இந்த உத்தி உண்டு. ஆனால் அங்கே எதிரிகள் அணிவகுத்து வருகிறார்கள், யுத்தம் என்பது தெரிகிறது. இங்கே பகைவனே இல்லை. கற்களுக்கு நம்மீது கோபம் கிடையாது, அவை பாட்டுக்குப் போகின்றன. இந்த அலட்சியந்தான் பயமாக இருக்கிறது. எப்போதாவது ஒரு பறக்கும் தட்டு வரும். பெரிய தட்டு கண்டபடி சுடும். சிறிய தட்டு நம்மையே குறி பார்க்கும். அதற்கு 1,000 புள்ளி.

குறையும் உண்டு. கடைசிக் கல் ஒன்றை உடைக்காமல் விட்டுவைத்துக்கொண்டு, சிறிய தட்டுக்காகப் பதுங்கிக் காத்திருந்து வேட்டையாடலாம் என்று பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கதாநாயகன் கதையை முடிக்காமலே லாபம் சம்பாதிக்க வழியிருந்தால் அது கதையமைப்பில் ஓட்டைதான். 1981-இல் வந்த 'ஆஸ்டராய்ட்ஸ் டீலக்ஸ்'ஸில் அதை அடைக்கப் பார்த்தார்கள். அடைத்ததோடு ஆட்டத்தின் எளிமையும் போயிற்று என்பது என் கட்சி. அந்த ஓட்டை வழியாகத்தான் 1982 நவம்பரில் ஸ்காட் சஃப்ரான் என்ற பதினைந்து வயதுப் பையன் 4,13,36,440 புள்ளிகள் எடுத்தான். 99,990க்கு மேல் காட்ட அந்தத் திரையில் இடம் இல்லை, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நானூறு தடவைக்கு மேல் பூஜ்யமாகி எழுந்த கணக்கு அது. 2010-இல் ஜான் மெக்அலிஸ்டர் என்பவர் அதை 2,300 புள்ளிகளால் மிஞ்சினார்.

இப்போது ஷெட்டுக்குத் திரும்புவோம்.

பெட்டிக்குள் என்னென்ன கெட்டிருந்தன என்பதைக் கிழவர் நோயாளியின் சரித்திரம் போல வரிசையாகச் சொன்னார். மின்சாரம் தரும் பகுதியில் நீல நிறத்தில் டம்ளர் பருமனுக்கு ஒரு கண்டன்சர் இருக்கிறது. அதற்குச் செல்லப் பெயரே பெரிய நீலம். அது வறண்டுபோயிருந்தது. பலகையும் கம்பிகளும் சேருகிற இடத்தில் பித்தளை நாக்குகள் சூட்டில் கருகியிருந்தன. ஞாபகச் சில்லுகள் சில செத்திருந்தன. கண்டன்சருக்குப் புதிதாகச் செய்தது கிடைத்தது. கருகிய நாக்குகளைச் சுரண்டித் துத்தநாகப் பொடி போல் உதிர்ந்ததையெல்லாம் துடைத்துப் புதிய இணைப்பு வைத்தார். சில்லுகளுக்கு ஒருவனிடம் பணம் அனுப்பினார். வந்தவை மேலெழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து அச்சடித்த போலிகள். இரண்டாவது ஆளிடம் கிடைத்தன. 6502 என்ற மூளைச் சில்லு மட்டும் பழுதில்லை. அதன் திருத்திய வாரிசு இன்றும் புதிதாகவே தயாராகிறதாம்.

இதெல்லாம் பெரிதில்லை. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் படக்குழாயின் கழுத்து விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடிக் கழுத்துக்குள் வெள்ளி போலப் பளபளக்க வேண்டிய பூச்சு பால்வெள்ளையாகிக் கிடந்ததை எனக்குக் காட்டினார். உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குழாய் பிணம்.

இந்தக் குழாய் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். சாதாரணத் தொலைக்காட்சியில் எலெக்ட்ரான் கற்றை வயலில் ஏர் ஓடுவது போல மேலிருந்து கீழே வரிவரியாக ஓடுகிறது. படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழவு உழவுதான். ஆஸ்டராய்ட்ஸில் கற்றை அப்படி ஓடுவதில்லை. கோலம் போடுகிறவளின் விரல் போல, கோடு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் போகிறது. கல்லின் விளிம்பை வரைகிறது, கப்பலை வரைகிறது, மங்குவதற்குள் மறுபடி வந்து வரைகிறது. குண்டு என்பது ஒரே புள்ளி. அந்த இடத்தில் மாவு கொஞ்சம் அதிகமாகக் கொட்டிவிட்டது போல ஒளி குவிகிறது. அதனால் குண்டு திரையில் உள்ள எதையும்விடப் பிரகாசமாக, கண்ணைக் குத்துகிற வெண்மையாக, பின்னால் ஒரு மங்கலான நிழலை இழுத்துக்கொண்டு பறக்கிறது. கற்றை அசையாமல் நின்றுவிட்டால் அந்த இடத்தையே பொசுக்கிவிடும் என்பதால், அப்படி நேர்ந்தால் கற்றையை அணைக்க உள்ளே ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. அழிக்கவல்ல ஒரு பொருளைக் கொண்டு ஓயாமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. அவர் கம்ப்யூட்டர்க்காரர்.

"என்ன மச்சான், ஒரு எல்.சி.டி. திரையை மாட்டினா ஒரு மணி நேர வேலை. அதே ப்ரோக்ராம், அதே பொத்தான், அதே பெட்டி. பசங்க ஆடணும், அவ்வளவுதானே? இது போன்லயே இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பழைய ஆட்டங்களை இன்றைய கணிப்பொறியில் அப்படியே நடத்திக் காட்டுகிற 'மேம்' என்ற ஏற்பாடு 1997-லேயே வந்துவிட்டது. அது இல்லையென்றால் எத்தனையோ ஆட்டங்கள் பெயர்கூட மிஞ்சாமல் போயிருக்கும். நானும் மாப்பிள்ளையின் கணிப்பொறியில் ஆடிப் பார்த்தேன். சாய்ந்த கோடுகள் அருகில் பார்த்தால் படிக்கட்டாக இருந்தன. குண்டு மற்றக் கோடுகளின் வெண்மையிலேயே இருந்தது. கதை தெரிந்தது. கதைச் சுருக்கம் படித்த திருப்தியும் உண்டாயிற்று.

தம்பூராவுக்குப் பதில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ரயிலில் தம்பூராவைத் தூக்கிப் போகிற சிரமம் பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தம்பூராவின் தந்தி அறுந்தால் மாற்றுகிறோம், தந்திக்கு அடியில் வைக்கிற நூல் தேய்ந்தால் மாற்றுகிறோம், யாரும் அதை வேறு வாத்தியம் என்று சொல்வதில்லை. குடத்தை எடுத்துவிட்டு உள்ளே ஒலிபெருக்கி வைத்தால் அது என்ன? நான் மாப்பிள்ளையிடம் இப்படித்தான் வாதித்தேன். கண்டன்சர் தந்தி, சில்லு நூல். ஆடுகிறவனின் கண்ணும் காதும் விரலும் அவற்றைத் தொடுவதில்லை. படக்குழாய் குடம்.

"கிழவருக்கு என்ன வயசு? குழாய் கெடைக்கிற வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகஸ்டில் பேரன் வருகிறான் என்று கிழவர் சொல்லியிருந்தார். அவருக்கும் நாள் கணக்கு இருந்தது. எல்.சி.டி. திரையும் அதை இணைக்கும் பலகையும் அவர் மேஜைமேல் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் ஊருக்குத் திரும்புவதற்குள் அவர் மாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மாட்டவில்லை. இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு வயதான அம்மாளின் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, பத்தொன்பது அங்குலம். ஆஸ்டராய்ட்ஸின் குழாயும் தொலைக்காட்சிக் குழாயும் ஒரே இனந்தான். வித்தியாசம் கழுத்தில் மாட்டுகிற செப்புச் சுருளில். கற்றையைத் திருப்புகிற காந்தம் அது. தொலைக்காட்சியின் சுருள் உழவுக்குப் பழகியது, கோலத்துக்கு உதவாது. ஆகவே செத்த குழாயின் சுருளைக் கழற்றி உயிருள்ள குழாயின் கழுத்தில் மாட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி நன்றாக இருந்தது. விற்பவர்கள் மின்சாரம் கொடுத்துக் காட்டினார்கள், திரை ஒளிர்ந்து இரைந்தது. மரச்சட்டத்தின் மேல் பூந்தொட்டி வைத்த வட்டத் தழும்பு தெரிந்தது. அந்த அம்மாள் எத்தனை சாயங்காலங்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளோ! இதையும் யாராவது ஒரு கிழவர் காப்பாற்ற வேண்டும் என்று வேறொரு நாவலாசிரியன் வாதாடினால் நான் என்ன சொல்வேன்? என் தம்பூரா உவமையில் இன்னொரு தம்பூராவை உடைத்துக் குடம் எடுக்கிற கட்டம் இல்லை. திரும்பி வரும்போது காரில் நான் அதிகம் பேசவில்லை. கிழவரும் பேசவில்லை.

மறுநாள் குழாயை எடுத்தார். அணைத்து வைத்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டு தங்கியிருக்குமாம். தரையோடு இணைத்த கம்பியைத் திருகாணி முடுக்கியில் கட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். டப் என்று ஒரு சத்தம். "இப்போது தொடலாம்" என்றார். நான் தொடவில்லை.

சுருளை மாட்டி நேர்செய்ய மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் கற்கள் எல்லாம் பக்கவாட்டில் நசுங்கிய கொழுக்கட்டைகளாக இருந்தன. மூன்றாம் நாள் இரவு தங்கை, மாப்பிள்ளை, நான் மூவரும் ஷெட்டில் நின்றோம். அவர் விளக்கை அணைத்தார். கறுப்பு என்றால் கறுப்பு, அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அதில் கோடுகள் மிதந்தன. மாப்பிள்ளை ஒரு தடவை சுட்டார். குண்டு பறந்தது.

"அண்ணா, இது அது மாதிரி இல்லையே" என்றாள் தங்கை. போனில் இருப்பதைச் சொன்னாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கால் டாலர் நாணயங்களைக் கிழவர் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். அதில் பாதியை அவரே தீர்த்தார்.

ஆகஸ்டில் பேரன் வந்தான். ஒரு வாரத்தில் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டான். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் தங்கள் பெயருக்கு மூன்று எழுத்துப் பதியலாம், பத்துப் பேருக்கு இடம் உண்டு. அவன் முதல் இடத்தில் தன் எழுத்துக்களைப் பதிந்துவிட்டு, மறுநாள் என்னிடம் காட்ட வேண்டும் என்று ஓடிவந்து அழைத்துப் போனான். கிழவர் ராத்திரி மின்சாரத்தை அணைத்திருந்தார். டீலக்ஸில் முதல் மூன்று பெயர்கள் நிலைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். இந்த முதல் யந்திரத்தில் அது கிடையாது, அணைத்தால் எல்லாப் பெயரும் போய்விடும்.

அதற்கு ஒரு சின்னப் பலகை இப்போது செய்து விற்கிறார்களாம், சொருகிவிட்டால் பெயர்கள் அழியாதாம். வாங்கட்டுமா என்று பேரனைக் கேட்டார் கிழவர். என்னையும் பார்த்தார். என் கொள்கைப்படி நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது தெரியும். பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்குங்கள்" என்றேன்.

அவன், "வேண்டாம் தாத்தா, மறுபடி எடுத்துடறேன்" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டுக் கிண்ணத்தில் கையை விட்டான்.