வானிலிருந்து அளக்கும் மழை

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பக்கத்துத் திருச்செந்தூரில் 69. இரண்டையும் சொன்னவை தரையில் நின்ற மழைமானிகள். காயல்பட்டினத்தில் ஒரு மழைமானி இல்லாதிருந்தால் அந்த 95 யாருக்கும் தெரிய வந்திருக்காது.

வானிலிருந்து மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளை மையமாக வைத்துப் பல நாட்டுக் கோள்களின் தரவுகளைக் கோத்து நாசா வெளியிடும் மழை வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீட்டர். கொட்டிய இடமும் தூறிய இடமும் அதற்குள் சராசரியாகிவிடும். முதல் பதிப்பு கைக்கு வர ஏறக்குறைய நான்கு மணி நேரம். மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய பதிப்புக்கு மூன்று மாதத்துக்கும் மேல். ஆய்வாளருக்கு அது பொக்கிஷம், குளத்தங்கரையில் நிற்பவருக்கு உதவாது. இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் விரைவாக வருகின்றன. ஆனால் அதன் அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மழையைக் கணிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தாழ்ந்த மேகங்களே கொட்டித் தீர்க்கும்போது அந்தக் கணக்கு குறைத்துக் காட்டும்.

இவ்வளவு சொன்னாலும், கடல்மேல் செயற்கைக்கோளுக்கு ஈடு கிடையாது. நமது வடகிழக்குப் பருவமழை வருவதே வங்கக் கடலிலிருந்து. அங்கே மழைமானி நட முடியாது, கரையோர ரேடார் எட்டும் தூரத்துக்கும் எல்லை உண்டு. தாழ்வு மண்டலம் உருவாவதை நாள்கணக்கில் முன்கூட்டிக் கவனிக்க முடிவது கோள்களால்தான்.

வெள்ளம் சூழ்ந்த பிறகு சென்டினல்-1 போன்ற ரேடார் கோள்கள் இருளையும் மேகத்தையும் தாண்டி நீர்ப்பரப்பைக் காட்டும். மூழ்கிய வயல்களைக் கணக்கெடுத்து நிவாரணம் கொடுக்க இது நல்ல சான்று. ஆனால் ஒரு கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும், வீடுகள் நெருங்கிய தெருக்களில் தேங்கிய நீரை அது எளிதில் பிரித்தறியாது.

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மேல்குளத்துக் கரை உடைந்தால் கீழ்க்குளம் தாங்காது. 2023 டிசம்பர் மழையில் குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி அரித்துப்போய், சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றது. எந்தக் குளத்தில் எவ்வளவு நீர், கரை எங்கே கசிகிறது என்பதை எந்தக் கோளும் அந்த மழையின்போது சொல்லியிருக்க முடியாது. அடுத்த கோளுக்குச் செலவிடும் அக்கறையோடு, ஒவ்வொரு மறுகாலிலும் தானியங்கி நீர்மட்டமானி வைக்க வேண்டும். அதன் அளவு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் அதே நிமிடத்தில் கீழ்க்குளத்து ஊருக்கும் போக வேண்டும்.