விடப்பட்டவரின் சாட்சி

கிறிஸ்துவை ஏற்றோரின் வரலாறுகளில் உற்றார் பெரும்பாலும் எதிரிகளாகவே தோன்றுகின்றனர். அழும் தாயும் வழிமறிக்கும் சகோதரரும் விசுவாசியின் உறுதியை விளக்கவே அங்கு இடம்பெறுகின்றனர். 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த, லட்சுமிபாய் திலக்கின் மராத்தியத் தன்வரலாறான ‘ஸ்மிருதி சித்ரே’ இம்மரபினின்று விலகி நிற்கிறது.

அவருடைய கணவரும் கவிஞருமான நாராயண் வாமன் திலக், சித்பாவன பிராமணர். 1895இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியோ சிறு மகனுடன் உறவினரை அண்டி வாழ நேர்ந்தது. ஆகவே இந்நூலில் நாம் முதலில் காண்பது கணவர் கண்ட ஒளியையன்று. அச்செய்தி வந்தெட்டிய வீட்டின் இருளையே. உற்றாரின் சினத்தில் ஆசாரப் பிடிவாதம் மட்டுமன்றி, உயிரோடிருப்பவரை இழந்த துயரமும் கலந்திருந்ததை நாம் உணர்கிறோம். இத்தனையையும் கசப்பின்றி, நகைச்சுவையோடு கூறுவதே ஆசிரியையின் தனிச்சிறப்பு.

கணவரிடம் திரும்பிய பின்னரும் அவர் ஆசாரத்தைக் கைவிடவில்லை, தனியே சமைத்துண்டார். சாதி மனிதர் வகுத்ததே என்னும் தெளிவு தம் உள்ளத்தில் பிறந்த பின்னரே பிறர் கையால் உண்டார். 1900இல் தாமும் ஞானஸ்நானம் பெற்றார். கணவரின் விசுவாசம் அவர்மீது சுமத்தப்பட்டிருப்பின் இச்சாட்சி நமக்குக் கிட்டியிராது.

இறையியற் கோட்பாடுகளின் விளக்கத்தை இந்நூலில் தேடுவோர் ஏமாறுவர். எனினும், தகப்பனையும் தாயையும் விட்டுவர அழைக்கும் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும் நாம், விடப்பட்டோரின் குரலையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்குரலை இந்நூல் நமக்குக் கேட்பிக்கிறது.