சட்டத்துக்குள்ளேயே ஒரு வாக்குமூலம்

டொரண்டோவின் புளோர், யங், யூனிவர்சிட்டி சாலைகளில் உள்ள சைக்கிள் பாதைகளை எடுக்க 2024 நவம்பரில் ஒன்டாரியோ அரசு சட்டம் போட்டது. டிராஃபிக் நெரிசல் குறையுமாம். சட்டத்தைப் படித்தால் ஒரு பிரிவு உறுத்துகிறது: பாதையை எடுத்ததால் யாராவது அடிபட்டாலோ செத்தாலோ அரசுமேல் வழக்குப் போட முடியாது. ஆபத்தே இல்லேன்னா இது எதுக்கு? (கோடில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால், எழுதினவருக்கு பக் இருப்பது தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.) விபத்து கூடும் என்று அரசு அமர்த்திய ஆலோசகர்களே எச்சரித்திருந்தார்கள். 'சைக்கிள் டொரண்டோ' அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரமில்லை, சைக்கிளில் போகிறவர்கள் உயிருக்குத்தான் ஆபத்து, இது சாசன உரிமை மீறல் என்று 2025 ஜூலையில் நீதிபதி பால் ஷாபாஸ் தீர்ப்பளித்தார். அரசு அப்பீல் போனது.